கதிர்வீச்சுக் காலத்தில் தோலுக்கென வாங்கிய பொருள்கள்: எவை உதவின, எவை அலமாரியில் தங்கின

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து கதிர்வீச்சுக்குப் போகும் பெண்ணிடம், "இனி ஊசி இல்லை, வலி இல்லை, கரண்டு வைப்பது மட்டும்தான்" என்று வீட்டார் ஆறுதல் சொல்வது வழக்கம். இயந்திரத்தின் அடியில் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வலி இல்லை என்பது உண்மையே. தோலின் தொல்லை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மெல்லத் தொடங்கி, சிகிச்சை முடிந்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆன பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது. சென்ற கோடையில் இடது மார்பில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டபோது, அந்தத் தொல்லையைச் சமாளிப்பதற்காக மருந்துக் கடையிலும், நாட்டு மருந்துக் கடையிலும், இணையத்திலும், கடைசியாக ஒரு தையற்காரரிடமும் நான் வாங்கிய பொருள்களைப் பற்றிய மதிப்பீடு இது. எனக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்படவில்லை, கட்டியும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டுமே எடுக்கப்பட்டன. குளிர்சாதன வசதி இல்லாத வீட்டில், சித்திரை வைகாசி வெயிலில் இந்தப் பொருள்களைப் பயன்படுத்தினேன் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஏனெனில் வியர்வை இந்த மதிப்பீட்டில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

பொருள்களுக்கு வருமுன் தோலில் நடப்பது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரங்கள் இதை வெயிலில் சுட்ட தோலைப் போலக் காட்டிக் குளிர்ச்சியை விற்கின்றன. உண்மையில் நடப்பது வேறு. மேல்தோலின் அடி அடுக்கில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து, பிறந்தவை மேலே ஏறி, ஏறக்குறைய நான்கு வாரத்தில் உதிர்கின்றன. கதிர்வீச்சு அடி அடுக்கின் பிரிதலைத் தடுக்கிறது. மேலே இருப்பவை வழக்கம்போல உதிர்ந்துகொண்டே இருக்க, அவற்றுக்கு ஈடாக அடியிலிருந்து வருவது நாளுக்கு நாள் குறைகிறது. தொல்லை தாமதமாக வருவதற்கும், சிகிச்சை நின்ற பிறகும் கூடுவதற்கும் காரணம் இதுதான். முதலில் சூடு, இறுக்கம், அரிப்பு. அடுத்துப் பொடிப் பொடியாக உதிரும் வறண்ட உரிதல். மேலும் போனால் நீர் கசியும் ஈர உரிதல். மருத்துவ நூல்கள் முதல் அடையாளமாகச் சொல்லும் சிவப்பை நம் நிறத்துத் தோலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மாநிறத் தோல் சிவக்காமல் கருக்கிறது. நிறத்தை மட்டும் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், சூட்டையும் அரிப்பையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

ஈர உரிதல் மார்பின் நடுவில் தொடங்குவது அரிது. மார்பின் அடிமடிப்பிலும் அக்குளிலும்தான் அது பெரும்பாலும் தொடங்குகிறது. உராய்வும் வியர்வையும் ஒரு காரணம். மற்றொரு காரணம் இயற்பியல் சார்ந்தது. இப்போது பரவலாகப் பயன்படும் 6 மெகாவோல்ட் கதிர், தோலின் மேற்பரப்பைக் கொஞ்சம் தப்பவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் முழு அளவை எட்டுகிறது. மடிப்பில் ஒரு தோலின் மேல் இன்னொரு தோல் படிந்திருப்பதால், மேலே இருக்கும் சதையே அந்த ஆழத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது, அதனால் மடிப்பின் தோலுக்குக் கதிரின் முழு அளவும் சேர்கிறது. மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவர்கள் பலருக்கு, தோலுக்கும் போதிய அளவு சேர வேண்டும் என்பதற்காக மருத்துவர்களே ஜெல் தகடு போன்ற ஒன்றை மார்புச் சுவரின் மேல் வைப்பார்கள். அவர்களுடைய தோல் என்னுடையதைவிடக் கடுமையாகப் பாதிக்கப்படும். ஆகவே ஒரு பொருள் மடிப்பில் என்ன செய்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொண்டேன். குழாயின் மேல் எந்த மூலிகையின் படம் இருக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பெண் இல்லை.

முதலில், மணமில்லாத சாதாரண ஈரப்பதக் களிம்பு. வெண்ணிற மென் பாரஃபினும் திரவ பாரஃபினும் சேர்ந்த கிரீம் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. விலையும் சில நூறு ரூபாய்க்கு மேல் போவதில்லை. தோல் நிபுணர்கள் வறண்ட தோலுக்கு எழுதிக் கொடுக்கும் அதே சரக்குதான். கேட்டவுடன் கடைக்காரர் அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள ஒன்றை எடுத்து வைத்து "இதில் ஷியா பட்டர் இருக்கிறது" என்பார். வேண்டாம். சாதாரணக் களிம்பு ஈர உரிதலைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை; அரிப்பையும் இறுக்கத்தையும் அது குறைக்கிறது, அதனால் இரவில் அறியாமல் சொறிந்துவிடுவது குறைகிறது. இந்த வேலைக்கு வாசனையும் நிறமும் இல்லாமல் இருப்பதே அதன் சிறந்த குணம். ஒரு குறை: வெயிற்காலத்தில் மடிப்புக்குள் தடித்துப் பூசினால் அது உருகி வியர்வையுடன் சேர்ந்து பிசுபிசுக்கிறது. மார்பின் மேல்பகுதியில் தாராளமாகவும், மடிப்பில் விரல் நுனியால் மெல்லிய படலமாகவும் பூசுவதே சரியாக வந்தது.

"கதிர்வீச்சுக்கு முன்னால் களிம்பு பூசினால் தோல் வெந்துவிடும்" என்ற அச்சம் காத்திருப்பு வரிசையில் எப்போதும் பேசப்படுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிய களிம்பு தோலுக்குச் சேரும் அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றவில்லை. மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அப்பினால்தான் மாற்றம் தெரிந்தது. யாரும் தோசைக்கல்லில் வெண்ணெய் வைப்பதுபோல் அப்புவதில்லை. ஆனாலும் சிகிச்சை மேசையில் படுக்கும் நேரத்தில் தோல் பளபளப்பாக இல்லாமல் இருப்பது, மார்பில் போட்ட கோட்டைப் பார்த்து நம்மை நிலைநிறுத்தும் தொழில்நுட்பருக்கு வசதி என்பதால், நான் இரவிலும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்னும் பூசினேன்.

கோடு என்றதும் குளியலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கும் நான் ஒரு பொருள் வாங்கியிருக்கிறேன்: மணமில்லாத, மென்மையான திரவ சோப்பு. பேனா மையால் மார்பில் கோடு போடும் இடங்களில், அது அழியக் கூடாது என்பதற்காக "அந்தப் பக்கம் தண்ணீரே படக் கூடாது" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கோடையில் வாரக்கணக்கில் தண்ணீர் படாத அக்குளை எண்ணிப் பாருங்கள். கனடாவின் கியூபெக்கில் 99 பெண்களிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியவர்களில் 14 சதவீதத்தினருக்கும், கழுவ வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களில் 33 சதவீதத்தினருக்கும் ஈர உரிதல் வந்தது. கோட்டைப் பற்றிய கவலை நியாயமானதே. அதற்குத் தேய்க்காமல் இருப்பதே வழி. கையில் நுரைத்து மேலே வழியவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பழைய துண்டால் ஒற்றி எடுத்தால் கோடு நிற்கிறது. பயத்தமாவும் நலங்கு மாவும் எவ்வளவு நைசாக அரைத்திருந்தாலும் இந்தச் சில வாரங்களுக்கு அவை தேய்ப்பான்களே. அவற்றைத் தள்ளி வைக்கலாம். திரவ சோப்பு நல்லது, ஆனால் விலையுயர்ந்தது தேவையில்லை. குழந்தைகளுக்கு விற்கும் மணமில்லாத எதுவும் போதும்.

கற்றாழை. உறவினர்கள் கொண்டு வந்து கொடுத்ததும் நானே வாங்கியதுமாக, கற்றாழை ஜெல் மட்டும் வீட்டில் மூன்று நான்கு வகை சேர்ந்துவிட்டது. பூசிய கணத்தில் சில்லென்று இருப்பது உண்மை. ஆவியாகும் வரைதான் அந்தக் குளிர்ச்சி. காய்ந்த பின் தோல் முன்னைவிட இறுக்கமாகத் தெரிந்தது. "தூய கற்றாழை" என்று முகப்பில் எழுதியிருக்கும் ஜெல்லின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால், வாசனைப் பொருள், பச்சை நிறம் ஆகியவற்றைக் காணலாம். உரிந்த தோலில் இவை எரியும். ஆஸ்திரேலியாவில் 225 பெண்களிடம் கற்றாழை ஜெல்லையும் சாதாரண நீர்க் களிம்பையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட உரிதலையும் வலியையும் குறைப்பதில் சாதாரணக் களிம்பே முன்னே நின்றது. தொட்டியில் வளர்ந்த சோற்றுக் கற்றாழையை வெட்டிப் பூசுவது இன்னும் சிக்கலானது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுவதும் வடியவிட்டு, சோற்றைப் பல முறை கழுவாமல் பூசினால் நல்ல தோலே அரிக்கும். கற்றாழை மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. தலைக்குத் தேய்க்கட்டும், மோரில் போட்டுக் குடிக்கட்டும். கதிர்வீச்சு பட்ட தோலுக்கு அதை வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

காலெண்டுலா என்னும் பூச்செடியிலிருந்து செய்யும் களிம்பின் கதை கொஞ்சம் வேறு. பிரான்ஸில் 254 பெண்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், காலெண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவீதத்தினருக்கும், அங்கே வழக்கமாகக் கொடுக்கப்பட்ட டிரோலமைன் களிம்பைப் பூசியவர்களில் 63 சதவீதத்தினருக்கும் இரண்டாம் நிலை (எண் கூடக் கூடக் கடுமை கூடும்) அல்லது அதற்கு மேற்பட்ட தோல் பாதிப்பு ஏற்பட்டது. இணையத்தில் காலெண்டுலாவை விற்பவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஸ்வீடனில் நானூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் காலெண்டுலாவைச் சாதாரண ஈரப்பதக் களிம்புடன் ஒப்பிட்டு 2013-இல் வெளியான ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. நான் வாங்கிய ஹோமியோபதி களிம்பு எண்ணெய்ப் பசையுடன் நன்றாகவே இருந்தது. தீங்கும் செய்யவில்லை, சாதாரணக் களிம்பைவிடக் கூடுதலாக எதுவும் செய்ததாகவும் தெரியவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: ஹோமியோபதிக் கடையில் காலெண்டுலா என்று மட்டும் கேட்டால், தாய்த் திரவம் என்னும் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுக்கக்கூடும். அது ஆல்கஹாலில் ஊறியது. மேலும், நம் ஊர்த் துலுக்கச் சாமந்தி காலெண்டுலா அன்று. அதை அரைத்துப் பூசச் சொல்லும் யோசனைகள் வாட்ஸாப்பில் உலவுகின்றன.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மங்களூரில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம் மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த கடைக் களிம்பைக் குழந்தைகளுக்கான எண்ணெயுடன் ஒப்பிட்டபோது தோல் பாதிப்பு குறைந்ததாக 2014-இல் எழுதினார்கள். ஆகையால் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. ஆனால் ஆய்வு சிறியது. மஞ்சளிலிருந்து எடுத்த குர்க்குமினை மாத்திரையாக விழுங்குவதைப் பொறுத்தவரை, 30 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயன் தெரிந்தது. அதே குழுவினர் 686 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில் அந்தப் பயன் நிலைக்கவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு மாத்திரை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். மஞ்சள் பூசுவதில் உள்ள நடைமுறைத் தொல்லை கோடுகளையும் தோலின் நிறத்தையும் அது மறைத்துவிடுவதே. ஏற்கெனவே சிவப்புத் தெரியாத தோலில் மஞ்சளும் ஏறினால் செவிலியர் எதைப் பார்த்து நிலையைக் கணிப்பார்?

மருந்துக் கடையில் வாங்கியவற்றுள் பணத்துக்கு மிக அதிகப் பயன் தந்தது மோமெட்டாசோன் ஃபியூரோயேட் 0.1 சதவீதக் களிம்பு. சிறிய குழாய், மலிவான விலை, நாளுக்கு ஒரு முறை மெல்லிய பூச்சு. இது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. ஸ்வீடனில் 2001-இலும், அமெரிக்காவில் 176 பேரிடம் நடந்து 2011-இலும், பிரிட்டனில் 2014-இலும் வெளியான ஆய்வுகள் இதைச் சோதித்துள்ளன. அமெரிக்க ஆய்வில் முதன்மையாக எதிர்பார்த்த அளவில் பாதிப்பின் நிலை குறையவில்லை என்றாலும், அரிப்பும் எரிச்சலும் தெளிவாகக் குறைந்தன. என் அனுபவமும் ஏறக்குறைய அப்படியே: தோல் கருப்பது நிற்கவில்லை, ஆனால் மூன்றாவது வாரத்தில் வந்த அரிப்பு தாங்கக்கூடியதாக ஆயிற்று. புற்றுநோய்த் துணைச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தடுப்புக்குப் பரிந்துரைத்த சில பொருள்களுள் மோமெட்டாசோனும் பீட்டாமெத்தாசோனும் உள்ளன. தொல்லை வந்த பின் தேடுவதைவிட, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே கதிர்வீச்சு மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பது உத்தமம். தோல் உடைந்து நீர் கசியும் இடத்தில் இதைப் பூசக் கூடாது.

இதை மருத்துவர் சீட்டுடன்தான் வாங்க வேண்டும், அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீட்டில் தெளிவாக எழுதியிருந்தும், எங்கள் பகுதியிலுள்ள ஒரு கடையில் "இதுவும் அதேதான் அம்மா, இன்னும் நல்லாக் கேட்கும்" என்று சொல்லி, குளோபெட்டசாலும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த கூட்டுக் களிம்பைக் கட்டிக் கொடுத்தார்கள். குளோபெட்டசால் மோமெட்டாசோனைவிடப் பல மடங்கு கடுமையானது. தோலை மெலியச் செய்யும் தன்மை அதிகம். அடிமடிப்பு போன்ற மெல்லிய தோலுக்கு அது ஏற்றதன்று. பல ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் பிரிவின் கீழ் மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த பிறகும், கடை மேசையில் நடப்பது இதுதான். குழாயின் பெயரைப் பார்க்காமல் சிறிய எழுத்தில் உள்ள மருந்துச் சேர்க்கையைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் விலை கூடியதும், ஆய்வுகளில் மிகுந்த புகழ் பெற்றதுமான சிலிக்கோன் ஒட்டுப் படலம். கண்ணாடி போன்ற மெல்லிய பாலியூரிதேன் தாளின் ஒரு பக்கத்தில் மென்மையான சிலிக்கோன் பசை இருக்கும். சிகிச்சையின் தொடக்கத்திலேயே தோலின் மேல் ஒட்டிவிட்டால், கதிர்வீச்சின்போதும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. துணியின் உராய்வு தோலைத் தொடாமல் படலத்தோடு நின்றுவிடுகிறது. நியூசிலாந்தில் 78 பெண்களிடம், ஒவ்வொருவரின் மார்பிலும் ஒரு பாதியில் மெபிடெல் ஃபிலிம் என்னும் படலத்தையும் மறு பாதியில் நீர்க் களிம்பையும் வைத்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். களிம்புப் பாதியில் 26 சதவீதத்தினருக்கு ஈர உரிதல் வர, படலப் பாதியில் ஒருவருக்கும் வரவில்லை. கனடாவின் டொரண்டோவில் 376 பெண்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைப் பாதிப்பு படலம் ஒட்டியவர்களில் 15.5 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 45.6 சதவீதம். தோல் பராமரிப்பில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டிய பொருள் வேறெதுவும் நான் படித்தவற்றில் இல்லை.

நான் வாங்கியது மெபிடெல் அன்று, அதே வகையில் வேறொரு நிறுவனம் செய்வது. பெயர் தேவையில்லை, ஏனெனில் நான் சொல்லப் போகும் குறைகளில் பெரும்பங்கு நம் வெயிலைச் சேர்ந்தது. ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மல்லாந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் வைத்து, சிகிச்சை மேசையில் படுக்கும் அதே நிலையில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் படலம் தோலை இழுக்கும். தோலில் களிம்போ எண்ணெயோ பவுடரோ சிறிதும் இருக்கக் கூடாது. தாளை இழுத்துப் பிடிக்காமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும், கூர்மையான மூலைதான் முதலில் சுருளும். என் தங்கை முதல் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி முடித்தபோது மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்ததால் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. விசிறி ஓடினால் தாள் தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்கிறது. மடிந்த தாளைப் பிரிப்பது நடவாத காரியம்.

மார்பின் மேல்பகுதியிலும் வெளிப்பக்கத்திலும் படலம் அருமையாக நின்றது. குளித்தாலும் போகவில்லை, மேலே துணி உராய்வது தெரியவே இல்லை. கழற்றிய பின் பார்த்தால், படலம் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையே கருமையில் ஓர் எல்லை தெளிவாகத் தெரிந்தது. அடிமடிப்பில்தான் தோற்றது. மாலைக்குள் படலத்தின் கீழ் வியர்வை முத்து முத்தாகச் சேர்ந்து, ஓரம் தூக்கி, தூக்கிய ஓரத்தில் ரவிக்கையின் நூலும் தூசியும் ஒட்டி, அடுத்த நாள் அது ஒரு கயிறுபோலச் சுருண்டு தானே உராயத் தொடங்கியது. எந்த இடத்தைக் காக்க வேண்டுமோ அங்கே நிற்காத பொருளுக்கு அவ்வளவு விலை கொடுப்பதைப் பற்றிக் குளிர்சாதன வசதி இல்லாதவர்கள் யோசிக்க வேண்டும். மற்றொரு தொல்லை: பேனாக் கோட்டின் மேல் ஒட்டிய படலத்தைக் கழற்றினால் மையும் கூடவே வந்துவிடுகிறது. கோட்டுக்குப் பதிலாகச் சிறு புள்ளியாகப் பச்சை குத்தும் மருத்துவமனைகளில் இந்தச் சிக்கல் இல்லை. வாங்குவதாக இருந்தால் சிகிச்சைக்கு முன்பே தொழில்நுட்பரிடம் காட்டி, கோட்டை விட்டு எங்கே வெட்டுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவமனையிலேயே செவிலியர் ஒட்டிக் கொடுப்பார், வீட்டில் குளிரறை உண்டு, மார்புச் சுவர் தட்டையாக இருக்கிறது என்றால் இதற்குச் செலவிடுவது தகும். மார்பகம் அகற்றப்பட்டு அடிமடிப்பே இல்லாதவர்களுக்கு என்னைவிட இது நன்றாக உழைக்கும் என்பதே என் கணிப்பு.

படலம் தோற்ற இடத்தில் வேலை செய்தது தையற்காரர் தைத்துக் கொடுத்த உள்ளாடை. கம்பி வைத்த பிராவும், இறுகிய எலாஸ்டிக்கும் இக்காலத்தில் ஆகாது என்பது எல்லோரும் சொல்வது. அதற்கு மாற்றாக இணையத்தில் விற்கும் "புற்றுநோய்க்குப் பிந்தைய" உள்ளாடை ஒன்றை வாங்கினேன். பருத்தி என்று எழுதியிருந்தாலும் பாதி செயற்கை இழை, அடியில் நான்கு விரல் அகல எலாஸ்டிக். அது அப்படியே மடித்து வைக்கப்பட்டது. பிறகு பல ஆண்டு வெளுத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துப் போய், முன்பக்கம் திறந்து நாடாவால் கட்டும்படி, கை இல்லாமல், அக்குள் வெட்டு வழக்கத்தைவிட இரண்டு விரல் இறக்கமாக, எல்லாத் தையலும் வெளிப்பக்கம் வரும்படி பாடி தைத்துத் தரச் சொன்னேன். தையற்காரர் தையலை வெளியே விடுவது தம் தொழிலுக்கு இழுக்கு என்று முதலில் மறுத்தார். காரணத்தைச் சொன்னதும் அடிமடிப்புக்கு நேராகத் தையலே வராதபடி துணியைத் திருப்பி வெட்டிக் கொடுத்தார். மீந்த துணியைக் கைக்குட்டை அகலத்துக்குக் கிழித்து, மடிப்புக்குள் ஒற்றையாக வைத்துக்கொண்டு, நனைந்ததும் மாற்றினேன். வியர்வையை உறிஞ்சியதும், தோலும் தோலும் ஒட்டாமல் பிரித்து வைத்ததும் இந்தக் கந்தல்தான். துவைக்கும்போது சோப்பு நன்றாகப் போகும்வரை அலச வேண்டும். கஞ்சி கூடவே கூடாது.

இடது மார்பில் சிகிச்சை எடுப்பவர்களுக்குப் புடவை கூடுதல் சிக்கல், ஏனெனில் முந்தானை விழுவது அந்தத் தோளில்தான். ஜரிகைக் கரையும் ஊக்கும் சரியாக மேல்மார்பில் படுகின்றன. நைட்டியும் தளர்ந்த பருத்தி சுடிதாரும் எளிது. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உள்ளாடைக்கு வெளியே தொங்கவிட்டால் போதும், தோலில் அறுக்காது.

பவுடர் பற்றி நீட்டத் தேவையில்லை: அக்குள் வியர்வையில் அது கட்டி கட்டியாகி, அந்தக் கட்டிகள் அராவும். டியோடரன்ட் பற்றிய தடை மட்டும் அவ்வளவு உறுதியானதன்று. கனடாவில் நடந்த ஆய்வுகளில் அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தோல் பாதிப்பு கூடவில்லை. தோல் உடையாத வரை, வேலைக்குப் போகும் பெண்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடரலாம்.

அடிமடிப்பில் ஓரிடத்தில் கடைசியில் ஈர உரிதல் வந்தது, சிகிச்சை முடிந்த பிறகு. அப்போது பயன்பட்டது சிலிக்கோன் பசையுள்ள மெல்லிய நுரைப் பஞ்சுத் தாள். கசிவை உறிஞ்சிக்கொண்டு, கழற்றும்போது புதுத் தோலைப் பிய்க்காமல் வருகிறது. தேவைப்படும் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்பதால் ஒரு தாள் பல நாள் வந்தது. இந்த வகையில் மெபிலெக்ஸ் லைட் என்பதை மேற்சொன்ன 2023 வழிகாட்டுதல், வந்துவிட்ட தோல் பாதிப்பைக் கவனிக்கப் பரிந்துரைத்திருக்கிறது. கதிர்வீச்சு இன்னும் நடந்துகொண்டிருந்தால், நுரைத் தாளைக் கதிர்வீச்சுக்கு முன் கழற்றச் சொல்வார்கள், ஏனெனில் அதன் கனம் தோலுக்குச் சேரும் அளவைக் கூட்டும். மருத்துவர் எழுதிய சில்வர் சல்ஃபாடையசின் களிம்பும் எரிச்சலைத் தணித்தது; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் இன்றும் ஊதா மருந்து என்று ஜென்ஷன் வயலட் தடவுகிறார்கள். புண்ணை அது காய வைத்துப் பொருக்காக்குகிறது, ஆனால் பொருக்கு வெடித்து வலிக்கும். பிரிட்டனில் 2008-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஈரம் காக்கும் ஹைட்ரோஜெல் கட்டே விரைவில் ஆற்றியது. ஊதா மருந்து துணியில் பட்டால் கறை போகாது என்பது வேறு.

நுரைத் தாளைப் பொறுத்தவரை ஒரு யோசனை உண்டு. சிகிச்சை நடக்கும் நாள்களில் அன்றாடம் யாராவது தோலைப் பார்க்கிறார்கள், கேட்டால் பதில் கிடைக்கிறது. முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த பரிசோதனை வரை யாரும் பார்ப்பதில்லை, தோல் மோசமாவதோ அந்த இடைவெளியில்தான். ஆகவே கடைசி நாளில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு, கதிர்வீச்சுப் பிரிவுச் செவிலியரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், திடீரெனக் கூடும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.